மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கட்டி ஏமாந்தோம்: மெக்சிகோவில் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் ஏராளம். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போன இடத்தில் அப்பத்தாவுக்கோ ஆயாவுக்கோ உடம்புக்கு வந்துவிட்டால் அந்தச் செலவு நமக்குக் கட்டுபடியாகாது. 'பக்கத்திலேயே மெக்சிகோ இருக்கிறது' என்று ஆசை காட்டும் இடைத்தரகர்கள் இப்போது நம் ஊருக்கே வந்துவிட்டார்கள். அப்படி ஒருவரிடம் நாங்கள் பட்டதை எழுதுகிறேன்.

சான் டியாகோவில் தம்பி வீட்டில் இருந்தபோது ஆத்தாவுக்குப் பித்தப்பைக் கல் வலி வந்தது. எல்லையைத் தாண்டினால் மெக்சிகோவின் டிஹுவானா நகரம். ஒரு கல்யாண வீட்டில் பழக்கமான காரைக்குடி இடைத்தரகர், "சேர்த்ததிலிருந்து திரும்பும்வரை மொழிபெயர்ப்பாளர் கூடவே இருப்பார், ஆச்சி" என்று சொல்லி, அதற்கென்று தனியாக 35,000 ரூபாய் வாங்கினார்.

வந்தவர், எல்லையிலிருந்து எங்களை ஏற்றிவந்த கார் ஓட்டுநர். வழி சொல்லும் அளவுக்குத்தான் ஆங்கிலம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாத வேலைக்கு அவரை அனுப்பியவர் மேல்தான்.

சேர்க்கைப் படிவத்தில் ஒவ்வாமைக்கு ஒரு கட்டம் இருந்தது. ஆத்தாவுக்கு அனால்ஜின் என்ற வலி மருந்து ஆகாது. முன்பு ஒரு முறை போட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனது. "அனால்ஜின்" என்று மூன்று முறை சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நீல மையில் ஒரே ஒரு சொல் எழுதினார்: நிங்குனா. மருந்தின் ஸ்பானிஷ் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். 'எதுவும் இல்லை' என்று அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. சம்மதப் படிவமும் முழுக்க ஸ்பானிஷ். "நார்மல், நார்மல்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். இரவில் வலிக்காக நர்ஸ் டிரிப்ஸில் ஒரு மருந்து ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் ஆத்தா கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார்கள். மேலுதடு வீங்கியது. "அலர்ஜி, அலர்ஜி" என்று கத்தினேன். அவர்கள் வாயில் அது 'அலெர்ஹியா'. உதட்டைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் டிரிப்ஸை நிறுத்தினார். தம்பி தன்னோடு வேலை பார்க்கும் மெக்சிகோ நண்பரைப் போனில் பிடித்துக் கொடுத்தான். அதன் பிறகே டாக்டருக்கு விஷயம் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. விடியும்வரை ஆத்தா கையை நான் விடவில்லை.

அனால்ஜின், டிபிரோனா, மெட்டமிசோல் எல்லாம் ஒரே மருந்து. அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை; மெக்சிகோவிலும் ஸ்பெயினிலும் வலிக்குச் சாதாரணமாகக் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் 2013-ல் தடுத்து, அடுத்த ஆண்டே தடையை விலக்கினார்கள்.

ஒரு சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1980-ல் ஃபுளோரிடாவில் நடந்ததைச் சொல்கிறார்கள். 18 வயது இளைஞரின் குடும்பம் ஸ்பானிஷில் 'இன்டாக்சிகாடோ' என்றது. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் சொன்னார்கள். மருத்துவர்கள் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். மூளையில் இருந்த ரத்தக்கசிவு உடனே கண்டுபிடிக்கப்படவில்லை. அவருக்குக் கை கால் இரண்டும் செயலிழந்தன.

ஆகவே போகிறவர்கள் ஆகாத மருந்தைக் கடைப் பெயரில் சொல்லாதீர்கள். இங்கேயே உங்கள் டாக்டரிடம் அதன் மூலப்பெயரைக் கேட்டு, ஸ்பானிஷில் ஒரு தாளில் எழுதி, படிவத்தோடு நீங்களே இணையுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே மொழிபெயர்ப்பாளரிடம் வீடியோவில் பேசிப் பாருங்கள். இரவில் யார் இருப்பார் என்று எழுத்தில் வாங்குங்கள். புரியாத சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். டாக்டரின் 'செதுலா' எண்ணை, அதாவது தொழில் உரிம எண்ணைக் கேளுங்கள். அந்நாட்டு அரசின் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம்.

35,000 ரூபாயை அந்த இடைத்தரகர் இன்றுவரை திருப்பித் தரவில்லை. ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்று மட்டும் போட்டிருக்கிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத் தாள்களை எடுத்து வைத்துவிட்டேன், அந்த நீல மைப் படிவத்தின் நகல் உட்பட. இதேபோல் பணம் கட்டியவர்கள் உங்கள் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.