நான்கு ஐப்பசி கண்ட ரவுட்டர்

தக்கலைக்குப் பக்கத்தில் தாத்தா கட்டிய வீடு எங்களுடையது. நடுச்சுவர் ஒன்றரை அடி கனம். அதற்குப் பின்னால் பத்தாயம் இருந்த அறை, அப்புறம் சாய்ப்பு, அதில் அடுக்களை. ஃபைபர் இணைப்போடு முதலில் வந்த ரவுட்டர், வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளது. முன்னறையில் குறையே இல்லை. குவைத்தில் இருக்கிற அண்ணனோடு வீடியோ காலில் பேசியபடி அம்மா அடுக்களைக்குப் போனால்தான் சிக்கல். "மக்களே, அவன் வாயைத் திறந்தபடி அப்படியே நிக்கான், என்னன்னு பாரு" என்று குரல் வரும்.

2021 சித்திரையில் அந்தப் பெட்டிக்கு முடிவு வந்தது. விளைக்கு, அதாவது தோப்புக்கு, அந்தப்புறம் சித்தப்பா வீட்டுக்கு நாற்பது மீட்டர் லேன் கேபிளை நான்தான் பலாமரத்தில் கட்டி இழுத்திருந்தேன். ஒரு சாயங்காலம் கோடை மழை. பக்கத்தில் எங்கும் இடி விழவில்லை. ஆனாலும் கேபிள் செருகும் நான்கு லேன் போர்ட்டும் செத்துப் போயின. வைஃபை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. திறந்த வெளியில் இவ்வளவு நீளச் செம்புக் கம்பி இருந்தால், தூரத்து மின்னலே அதில் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். அது தெரியாமல் செய்த வேலைக்கு ஒரு பெட்டியைப் பறிகொடுத்தேன்.

புதிது வாங்கும்போது ஆன்டெனா எத்தனை என்று பார்க்கவில்லை. மூன்றே விஷயம்தான் பார்த்தேன்: 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை வேண்டும், எல்லாம் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டாக இருக்க வேண்டும், அடாப்டர் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 கிடைத்தது, 2,600 ரூபாய். அட்டையில் ஏசி1200 என்று இருக்கும். 2.4-இல் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக்கிச் சொல்லும் கணக்கு அது. ஒரு போனுக்கு 1200 வரும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

கிகாபிட் போர்ட் ஏன் முக்கியம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அடுத்த வருடம் திட்டத்தை 150 எம்பிபிஎஸ்ஸுக்கு மாற்றினோம். எங்கள் வீட்டில் 150-ஐ ஒட்டி வந்தது. அதே திட்டத்தில் இருந்த நண்பன் வீட்டில் எத்தனை முறை சோதித்தாலும் 94-ஐத் தாண்டவில்லை. இணைப்பு கொடுத்தவர்களோடு இரண்டு வாரம் சண்டை போட்டான். போய்ப் பார்த்தால் ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை. உங்கள் வீட்டிலும் வேகம் 94, 95-இல் முட்டி நின்றால் முதலில் போர்ட்டைப் பாருங்கள். சில சமயம் லேன் கேபிளில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இப்படி ஆகும்.

சுவருக்கு வருவோம். எந்த ரவுட்டர் வாங்கினாலும் 5 கிகாஹெர்ட்ஸ் கனத்த சுவரில் திணறும். நான் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். அம்மாவின் போன் 2.4-இல், என் கணினியும் டிவியும் 5-இல். பெட்டியை ஜன்னல் திண்டிலிருந்து எடுத்து, நடுவாசல் நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். வாசல் வழியாக அலை பின்னறைக்குப் போக வழி கிடைத்தது. அடுக்களையில் இரண்டு கோடு சிக்னல் நிற்கிறது, அண்ணன் முகம் அசைகிறது. தோப்புக்குள் வீடு என்பதால் 2.4-இல் எங்களுக்கு நெரிசல் இல்லை. நாகர்கோவில் வடசேரி மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய இடமென்றால் சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் காலியாக இருப்பதற்கு மாற்றிப் பாருங்கள்.

கரண்ட் இங்கே பெரிய விஷயம். ஆடிக் காற்றில் ஒரு நொடி போய் வந்தாலே ரவுட்டர் அணைந்து திரும்ப எழுந்து வர இரண்டு நிமிடம் ஆகும். 12 வோல்ட் கேட்டது இதற்காகத்தான். 12 வோல்ட் தரும் ஒரு சின்ன டிசி யுபிஎஸ் வாங்கி ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் அதிலேயே ஓட்டுகிறேன். உங்கள் அடாப்டரில் 9 வோல்ட் என்று எழுதியிருந்தால் 12-ஐக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். யுபிஎஸ்ஸின் பேட்டரி இரண்டு வருடத்தில் தளர்ந்தது, மாற்றினேன். காற்றில் தென்னமட்டை விழுந்து ஃபைபர் அறுந்தாலும் இணையம் போகும். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு (ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக மின்னினால் ரவுட்டரைப் போட்டு அணைத்து அணைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

கடலோரக்காரர்களுக்கு ஒன்று. குளச்சலில் அக்கா வீட்டில் இதே ரவுட்டர், வாரம் ஒருமுறை இணைப்பு விட்டுவிட்டு வந்தது. லேன் கேபிளைக் கழற்றிப் பார்த்தால் நுனியின் எட்டுத் தகடுகளில் மூன்று பச்சை பூத்திருந்தன. உப்புக்காற்றின் வேலை. புது நுனி அடித்ததும் சரியானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது வாங்குவதானால் வைஃபை 6 என்ற புதிய வகை உள்ளதை விலை பார்த்து வாங்கலாம். ஆனால் போனும் அதை ஏற்க வேண்டும், சுவர் அதற்கும் சுவர்தான்.

சித்தப்பா வீட்டுக்கு மறுபடி செம்பு இழுக்கவில்லை. இரும்புக் கம்பி இல்லாத ஃபைபர் வயரும் லேன் சிக்னலை வெளிச்சமாகவும் திரும்பவும் மாற்றும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் வாங்கினேன், கன்வெர்ட்டர் ஜோடி 1,800 ரூபாய். கேபிள் டிவி அண்ணன் வந்து இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் செய்து தந்தார். கண்ணாடி இழைக்குள் ஓடுவது வெளிச்சம், மின்னல் அதில் ஏறி வராது. கரண்ட் வழியாக வருவது இருக்கிறதே, அதனால் இடி கேட்டதும் அம்மா பிளக்கை உருவிவிடுவார். நான்கு ஐப்பசி போய்விட்டது, புது ரவுட்டரின் ஐந்து போர்ட்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.