நைட்ரேட்டை அளப்பதா, ஆக்சிஜனை அளப்பதா?

கடலோர நீரில் சத்து மிகுந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு வழி. ஒன்று, புட்டியில் நீரெடுத்து நைட்ரேட், பாஸ்பேட் பார்ப்பது. எளிதுதான், ஆனால் ஏமாற்றும். பாசி பெருகும்போது சத்தை அதுவே உறிஞ்சிவிடும். தண்ணீர் பச்சைப் பசேலென்று இருக்க, ஆய்வகத் தாளில் நைட்ரேட் கிட்டத்தட்டப் பூஜ்யம்!

இன்னொன்று, விளைவை அளப்பது: குளோரோபில் (பாசி எவ்வளவு என்று காட்டும் பச்சை நிறமி), அடிநீரின் ஆக்சிஜன். பெருகிய பாசி செத்து அடியில் அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகும்; அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் விலகி ஓடும், நகர முடியாத சிப்பிகள் சாகும். பட்டப்பகலில் மேல்நீரை மட்டும் அளந்தால், வெயிலில் பாசியே ஆக்சிஜன் விடுவதால், இதுவும் பொய் சொல்லும். விடியலுக்கு முன், அடியில் அளக்க வேண்டும்.

நோயைக் கண்டுபிடிக்க என் ஓட்டு ஆக்சிஜனுக்கே. சரி, சத்து எங்கிருந்து வருகிறது? அதற்கு ஆற்று முகத்தில் நைட்ரேட் செறிவை நீரோட்ட அளவால் பெருக்கி, கடலில் வந்து சேரும் மொத்தச் சத்துச் சுமையைக் கணக்கிட்டே ஆகவேண்டும்.