டேஷ்போர்டு நாப்பை ரெஸ்டோர் பண்ணக் கொடுக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ஏசி நாப் மூன்று, வால்யூம் நாப் ஒன்று. "புதுசு மாதிரி பண்ணித் தர்றோம் சார்" என்று சென்னையில் காரை மெருகேற்றித் தரும் ஒரு டீட்டெய்லிங் கடை நான்குக்கும் சேர்த்து 2,400 ரூபாய் வாங்கியது. வண்டியை எடுக்கும்போது பளிச்சென்றுதான் இருந்தன. பத்தே நாளில், கட்டைவிரல் பட்ட இடத்தில் பெயின்ட் பாலாடை மாதிரிச் சுருங்கி நகர்ந்தது. அடியில் பழைய பிசுபிசுப்பு அப்படியே இருந்தது.

அந்தப் பிசுபிசுப்பு அழுக்கு அல்ல. ரப்பர் போல மெத்தென்று இருக்க கம்பெனியில் அடித்த பாலியூரித்தேன் பூச்சு, வெயிலில் மூடிக்கிடக்கும் காரின் சூட்டிலும் நம் ஊர்க் காற்றின் ஈரத்திலும் சிதைந்து பசையாகிவிடுகிறது. அதன்மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து முழுக்க எடுக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை, அதனால்தான் கடைக்காரர்கள் தவிர்க்கிறார்கள். சிலர் அவசரத்துக்குத் தின்னர் போடுவார்கள். நாப் செய்திருக்கும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் அதில் கரைந்து, நாப்பின் வரிகள் மழுங்கிவிடும்.

இதைவிடப் பெரிய இழப்பு, இரவில் எரியும் சின்னங்கள். பல நாப்களில் உள்ளே இருப்பது வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை பிளாஸ்டிக். மேலே கறுப்புப் பூச்சு, அதில் லேசரால் சுரண்டிய கோடுதான் சின்னம். மொத்தமாகக் கறுப்பு ஸ்பிரே அடித்தால் வெளிச்சம் செத்துவிடும். அந்தக் கடை அப்படித்தான் அடித்து, மேலே வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டித் தந்தது. பூச்சை எடுக்கும்போது சின்னமும் சேர்ந்து போகும் நாப் என்றால், பெயின்ட் அடித்து மறுபடி லேசர் போட்டே ஆக வேண்டும். கொடுக்கும் முன் நாப்பின் பின்னால் போன் டார்ச்சை வைத்துப் பாருங்கள். சின்னம் ஒளிர்ந்தால், "லேசர் யார் போடுகிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நாப்பைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது கேடு ஷாஃப்ட் ஓட்டையில், அதாவது சுவிட்சின் தண்டு நுழையும் நாப்பின் பின்பக்க ஓட்டையில். அதை அடைக்காமல் ஸ்பிரே அடித்ததால் உள்ளே பெயின்ட் ஏறி ஓட்டை இறுகியது. அழுத்திச் செருகியதில் ஃபேன் நாப்பின் கழுத்து விரிந்துவிட்டது. நாப் சுற்றும், ஃபேன் வேகம் மாறாது. இதற்கு ஃபெவிகுவிக் வைத்தார்கள். அதன் ஆவி கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமாகப் படியும், துளி உள்ளே வழிந்தால் சுவிட்சே இறுகிவிடும். கழுத்தைச் சுற்றி நூலை இறுக்கிச் சுற்றி, சாதாரண ஆரல்டைட் (இரண்டு டியூபைக் கலக்கும் எபாக்ஸி பசை) தடவி, 24 மணி நேரம் விடுவதுதான் சரி.

கழற்றும் விதத்தையும் கவனியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பேனலில் தழும்பு விழும். நாப்புக்குப் பின்னால் மெல்லிய துணியைக் கொடுத்து நேராக இழுத்தாலே பெரும்பாலும் வந்துவிடும்.

பெயின்ட் வேலை என்றால்: 800 நம்பர் எமரி பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பு, பிளாஸ்டிக் பிரைமர், பத்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட், பிறகு மாட் கிளியர் (பளபளக்காத, நிறமில்லாத மேல்பூச்சு). ஒரு நாளாவது காயாமல் மாட்டக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ஸ்பிரே அடித்தால் பெயின்ட்டில் புகை போல வெண்படலம் படியும்.

சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் நாப் தேடுபவர்கள் உங்கள் நாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். ஓட்டை டி வடிவமா, பல் வடிவமா, தட்டையான பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒப்பிட்டு வாங்குங்கள். திசை மாறினால் ஆஃப் கோடு வேறு இடத்தில் நிற்கும்.