இல்லாத ஆயில் சீலுக்கு பில்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அப்பா ஓட்டிய மாரிஸ் மைனர் 1000 இப்போது என்னிடம் இருக்கிறது. 948 சிசி இன்ஜின். போன வருடம் பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து உறை) அடியில் ஆயில் சொட்ட ஆரம்பித்தது. ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை இருக்கும். பழைய கார் வேலைக்குப் பேர்போன ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். அங்கே இருந்தவர் குனிந்து, டார்ச் அடித்து, ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "ரியர் மெயின் சீல் போயிடுச்சு சார். இன்ஜினை இறக்காம முடியாது" என்றார். இன்ஜினின் பின்முனையில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைச் சொன்னார். நம்பினேன்.

ஒரு மாதம் கழித்து கார் வந்தது. பில்லில் "ரியர் மெயின் ஆயில் சீல் – 1" என்று தனி வரி. இன்ஜின் இறக்கி ஏற்றிய கூலி அதைப் போலப் பல மடங்கு. பதினைந்து நாள் தரை சுத்தமாக இருந்தது. பதினாறாம் நாள் அதே இடத்தில் அதே கறை. திரும்பக் கொண்டுபோனால், "கிராங்க்கே தேஞ்சிருக்கு சார், முழு ஓவர்ஹால் பண்ணிடலாம்" என்றார்கள். கிராங்க் என்றால் பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு. காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் இந்த இன்ஜின்களோடு வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவரிடம் போனேன். பில்லை வாங்கிப் படித்தவர் நிமிர்ந்து, "தம்பி, இந்த இன்ஜின்ல பின்னாடி சீலே கிடையாதேப்பா" என்றார். மைனரில் இருக்கும் ஏ-சீரிஸ் இன்ஜினில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை. திருகாணி மரைபோல ஒரு சுருள் வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது அந்த மரையே வெளியே வரப் பார்க்கும் ஆயிலை உள்ளே தள்ளிவிடும். இன்ஜின் நின்றபிறகு ஒன்றிரண்டு சொட்டு இறங்கினால் அது அதன் சுபாவம். அந்தச் சொட்டு வெளியேறத்தான் பெல் ஹவுசிங் அடியில் ஒரு ஓட்டை. அடைத்துக்கொள்ளாமல் இருக்க அதில் ஒரு ஸ்பிளிட் பின் (இரண்டாகப் பிளந்த கம்பி ஊசி) தளர்வாகத் தொங்கும்.

காரைத் தூக்கிப் பார்த்தோம். பெல் ஹவுசிங்கின் மேல்பக்க போல்ட் தலைகளில் பல வருடத்துப் பிசுக்கு, ஸ்பானர் பட்ட தடமே இல்லாமல், அப்படியே கெட்டியாக இருந்தது. இன்ஜினையும் இறக்கவில்லை, கியர்பாக்ஸையும் பிரிக்கவில்லை. பெல் ஹவுசிங் இணைப்பைச் சுற்றி வெளியிலிருந்து சிலிக்கான் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். அந்த ஸ்பிளிட் பின் ஓட்டையையும் சேர்த்து மூடியிருந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. உள்ளே இறங்கும் ஆயில் தேங்கி கிளட்ச் பிளேட்டை நனைத்திருந்தால், அது வேறொரு செலவு.

பெரியவர் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் இன்ஜின் முழுவதையும் டிகிரீசர் போட்டுக் கழுவிக் காயவிட்டார். சந்தேகப்படும் இடமெல்லாம் டால்கம் பவுடர் தூவினார். இன்ஜினை இருபது நிமிஷம் ஓடவிட்டு, மேலேயிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். ஆயில் கீழே இறங்கும். கார் ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் எங்கே ஒழுகினாலும் பெரும்பாலும் பெல் ஹவுசிங்கில்தான் போய்ச் சேரும். சொட்டும் இடத்தைப் பார்த்து ஒழுகும் இடத்தைச் சொல்லவே முடியாது. வால்வு கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச் எல்லாம் காய்ந்தே இருந்தன. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே, கையே நுழையாத இடத்தில், வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு. ஒழுகியது பின்பக்க டேப்பெட் கவர், அதாவது வால்வுகளைத் தள்ளும் டேப்பெட்டுகள் இருக்கும் அறையின் மூடி.

நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும் தகட்டு மூடி அது. யாரோ எப்போதோ அளவுக்கு மீறி முறுக்கியதில் நடுவில் குழிந்து, ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. கார்க் பேக்கிங் காய்ந்து கையில் எடுத்ததும் உதிர்ந்தது. ஆனால் பெரியவர் அதோடு விடவில்லை. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குப் குப்பென்று காற்று வந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்ததோ என்று கம்ப்ரஷன் பார்த்தால் நான்கு சிலிண்டரிலும் சரியாக இருக்கிறது. பிறகு இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயைக் கழற்றினார். உள்ளே இருந்த கம்பி வலை தார்போல அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே சேரும் அழுத்தத்துக்கு வெளியே போக வழியில்லாமல், பலவீனமான பேக்கிங்கைப் பார்த்து ஆயிலைத் தள்ளியிருக்கிறது. பேக்கிங் மட்டும் மாற்றியிருந்தால் சில மாதத்தில் வேறு இடத்தில் கிளம்பியிருக்கும் என்றார்.

வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினோம். மூடியைச் சமமான இரும்பில் வைத்துத் தட்டி நேராக்கினோம். புது கார்க் வைத்து, பேக்கிங் லேசாக அழுந்தும் அளவுக்கு மட்டும் முறுக்கினோம். அரைநாள் வேலை.

பில்லோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கழற்றிய பழைய சீலைக் கேட்டேன். "குப்பையில போயிடுச்சு சார்" என்றார்கள். இந்த இன்ஜினின் பார்ட்ஸ் புத்தகத்தில் அதன் நம்பரைக் காட்டச் சொன்னேன். பதில் இல்லை. பணமும் இன்றுவரை வரவில்லை.

ரியர் சீல் என்று யாராவது சொன்னால், உங்கள் இன்ஜினில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பார்ட்ஸ் புத்தகத்தில் பாருங்கள். கழுவிப் பவுடர் போட்டுப் பார்க்காமல் இறக்கச் சம்மதிக்காதீர்கள். காரை விடுவதற்கு முன் பெல் ஹவுசிங் போல்ட் இரண்டில், தலையும் ஹவுசிங்கும் சேரும் இடத்தில், நெயில் பாலிஷ் ஒரு கோடு இழுத்து போட்டோ எடுத்து வையுங்கள். போல்ட்டைத் திருப்பாமல் அந்தக் கோடு உடையாது.