காஷானில் தங்கிப் பார்த்த பாரசீகம்: ஒரு சுற்றுலா ஏற்பாட்டின் மதிப்புரை

ஈரானுக்குச் செல்லும் குழுச் சுற்றுலாக்களில் பெரும்பாலானவை தெஹ்ரான், இஸ்பஹான், ஷிராஸ் என்று பெருநகரங்களைத் தொட்டுக்கொண்டே ஓடுகின்றன. இடையில் வரும் கிராமங்கள் பேருந்தின் சன்னலோடு முடிந்துவிடுகின்றன. மே மாதத்தில் நான் சென்றுவந்த பயணத்தை நடத்திய உள்ளூர் நிறுவனம், பாலைவன ஓரத்து ஊரான காஷானிலேயே நம்மைத் தங்கவைத்து, அங்கிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அழைத்துச் செல்கிறது. இந்த ஒரு முடிவுக்காகவே இந்த ஏற்பாட்டைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் குறைகளும் இருக்கின்றன.

காஷானுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் உள்ள கம்சரில் மே மாதமும் ஜூன் தொடக்கமும் பன்னீர் வடிக்கும் காலம். ஊரே அதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறது. வெயில் ஏறினால் பூவின் மணம் குறைந்துவிடும் என்பதால் பறிப்பு விடியலிலேயே நடக்கிறது. அதைக் காண இருட்டோடு கிளம்ப வேண்டும் என்று வழிகாட்டியே வற்புறுத்தியது பாராட்டுக்குரியது, ஏனெனில் முற்பகலில் வந்து சேரும் பேருந்துகளுக்குக் கடைத்தெருவும் கூட்டமும்தான் மிஞ்சுகின்றன. முகமதிப் பூ என்று அங்கே அழைக்கப்படும் இளஞ்சிவப்பு ரோஜாவைப் பறிப்பவர்கள், முள்ளைப் பொருட்படுத்தாமல், இடுப்பில் முடிந்த துணிக்குள் கிள்ளிப் போட்டபடியே நகர்கிறார்கள். பட்டறையில் ஒரு செப்பு அண்டாவுக்குச் சுமார் 30 கிலோ பூவும் அதற்கேற்ற நீரும் இட்டு, ஆவி வெளியேறாதபடி மூடியின் விளிம்பை அடைத்துத் தீ மூட்டுகிறார்கள். ஆவி சாய்வான குழாய்களின் வழியே சென்று, குளிர்ந்த நீர்த்தொட்டியில் அமிழ்த்தி வைத்த செப்புக் குடத்துக்குள் பன்னீராக இறங்குகிறது. முதலில் இறங்கியதையும் பின்னர் இறங்கியதையும் தனித்தனியாக உள்ளங்கையில் ஊற்றி முகரச் சொன்னார் பட்டறைக்காரர். திருமண வாசலில் சொம்பிலிருந்து தெளிக்கப்படும் பன்னீரை மட்டுமே அறிந்த நமக்கு, மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதக்கும் அந்த முதல் வடிப்பு வேறொரு பொருளாகவே தோன்றும்.

கட்டடக்கலையை விளக்குவதில் இந்த வழிகாட்டிக்கு இணையானவர் கிடைப்பது அரிது. 19ஆம் நூற்றாண்டில் வணிகர்களுக்காகக் கட்டப்பட்ட தபதபாயி இல்லமும் புரூஜெர்தி இல்லமும் உஸ்தாத் அலி மரியம் என்ற ஒரே கட்டடக் கலைஞரின் படைப்புகள். அவற்றின் சுதை வேலைப்பாட்டையும் வண்ணக் கண்ணாடிகளையும் காட்டுவதற்கு முன், முற்றம் ஏன் தெரு மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கிறது என்று அவர் கேட்டார். தோண்டிய மண் செங்கல்லாகிறது, நிலத்தின் குளிர்ச்சி அறைகளுக்குக் கிடைக்கிறது, கூரைமேல் நிற்கும் காற்றுக்கோபுரம் பிடித்துத் தரும் காற்று நிலவறை வரை இறங்குகிறது என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியபின், அந்த வீடு அழகாக மட்டுமன்றி அறிவார்ந்ததாகவும் தெரிந்தது. பழைய வாசற்கதவுகளில் இரண்டு தட்டுவான்கள் இருக்கின்றன: ஆண்களுக்குக் கனத்த இரும்புத் துண்டு, பெண்களுக்கு மெல்லிய வளையம். ஓசையைக் கேட்டே வந்திருப்பவர் ஆணா பெண்ணா என்று உணர்ந்து, அதற்கேற்றவர் சென்று கதவைத் திறப்பாராம். இரண்டையும் தட்டிப் பார்த்துக் கேட்க அவர் நேரம் கொடுத்தார்.

இதே நிதானம் அப்யானேயில் இல்லாமற்போனதே எனக்குப் பெரும் வருத்தம். கர்கஸ் மலைச்சரிவில், 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், செம்மண்ணால் கட்டிய வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் ஊர் அது. சில இடங்களில் கீழ் வீட்டின் கூரையே மேல் வீட்டின் முற்றம். வெள்ளைத் துணியில் பெரிய பூக்கள் அச்சிட்ட முக்காடு அணிந்த மூதாட்டிகள் வாசலில் உலர்ந்த ஆப்பிள் விற்கிறார்கள். இளையவர்கள் பெரும்பாலும் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டதால் இந்த உடையும் இவ்வூரின் பழமையான பேச்சும் எஞ்சியுள்ள முதியவர்களிடமே வாழ்கின்றன. அத்தகைய ஊரை மதிய உணவுக்குப் பிந்தைய ஓர் அவசர நடையாகச் சுருக்கியது ஏற்கத்தக்கதன்று. மாலைச் சூரியன் சுவர்களைச் சிவக்க வைக்கும் நேரத்தில் நாங்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தோம்.

விளம்பர ஏட்டைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அதன் அட்டையில் இருப்பது காஷானுக்கு அருகிலுள்ள மஷ்ஹத்-ஏ-அர்தெஹால் என்ற ஊரின் கம்பளம் கழுவும் சடங்கு. ஷியா முஸ்லிம்களின் ஐந்தாம் இமாமின் மகனான சுல்தான் அலியின் நினைவாக, கைகளில் தடி ஏந்திய மக்கள் கம்பளத்தைச் சுமந்து சென்று ஓடைநீரில் கழுவும் துயர நிகழ்வு அது. யுனெஸ்கோ 2012இல் அதைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. அது இலையுதிர் காலத்தில் நடப்பது. மே மாதப் பயணிக்கு விற்கும் ஏட்டில் அந்தப் படத்தை இடுவது நேர்மையாகாது. பன்னீர் அண்டாக்களின் படமே போதுமானது.

இஸ்பஹான் ஒருநாள் பயணமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. சுமார் 560 மீட்டர் நீளமுள்ள நக்‌ஷ்-ஏ-ஜஹான் சதுக்கத்தில் ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசலை மட்டும் நிதானமாகப் பார்த்தது சரியான தேர்வு. மினாராவும் முற்றமும் இல்லாத அந்தப் பள்ளிவாசலில் வளைந்து செல்லும் இருண்ட நடையைக் கடந்து குவிமாடத்தின் கீழே வந்ததும், சன்னல் வழியே விழும் ஒளி குவிமாட நடுவிலுள்ள மயில் உருவத்துக்குத் தோகையாக விரிவது வாசற்பக்கம் நின்று பார்க்கும்போது தெரிகிறது. யஸ்துவுக்கு ஓடிப்போய்த் திரும்பியது வீண் அலைச்சல். அந்த நகருக்குத் தனிப் பயணமே தகும்.

தங்கிய பழைய வீட்டின் அறைகள் தூய்மையானவை, படிகளோ செங்குத்தானவை. மூட்டுவலி உள்ளவர்கள் கீழ்த்தள அறை கேட்க வேண்டும். சைவ உணவுக்காரர்களுக்குக் கத்தரிக்காயும் மோர்ச்சத்தும் சேர்ந்த கஷ்க்-ஏ-பாதெம்ஜான் கிடைக்கிறது. கஞ்சி வகைகளில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வெளிநாட்டு வங்கி அட்டைகள் அங்கே செல்லாது என்பதால் செலவு முழுவதையும் ரொக்கமாகக் கொண்டுசெல்ல வேண்டும். விலைகளைத் துமானில் சொல்வார்கள், ஒரு துமான் 10 ரியால். பதிவு செய்யும்போதே யஸ்துவை விலக்கிவிட்டு, அந்த நாளை அப்யானேயில் ஓர் இரவுத் தங்கலாக மாற்றித் தருமாறு எழுத்தில் கேளுங்கள்; கோரிக்கைக்கேற்ப நாட்களை மாற்றித் தருவதாக அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள்.