ஆட்டிசத்துக்கு ஆக்சிஜன் சேம்பர்: ஒரு கம்ப்ரசர் மெக்கானிக்கின் ரிவ்யூ

இடத்தின் பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க நமக்கு நேரம் கிடையாது. ‘ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் தெரபி’ (அழுத்தம் கூட்டிய சேம்பருக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுப்பது) என்று போர்டு வைத்திருக்கும் சென்டர்களில் ஒன்று, அவ்வளவுதான். வேறு சென்டருக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது உதவும்.

எங்கள் பையனுக்கு நாலரை வயது. ஐசா (ஆட்டிசத்தின் அளவைப் பார்க்கும் இந்திய அளவுகோல்) மதிப்பீட்டில் மிதமான ஆட்டிசம் என்று வந்தது. ஸ்பீச் தெரபியும் ஓ.டி.யும் (ஆக்குபேஷனல் தெரபி) முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தன. மச்சான்தான் ஒரு வீடியோ அனுப்பி, “மாப்ள, காசைப் பாக்காதீங்க, பேச்சு வந்துருமாங்க” என்றார். அப்புறம் வீட்டில் யார் சும்மா இருப்பார்கள்?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் சுத்தம். வரவேற்பில் டிவி அலறாது. சேம்பரை இயக்கும் பெண் தங்கமான பிள்ளை. இவன் நுனிக்காலில் நின்று சுற்றினால் முறைக்காமல், சுற்றி முடிக்கும்வரை காத்திருப்பார். சொன்ன நேரத்துக்கு உள்ளே விடுவார்கள். இதற்கெல்லாம் தாராளமாக நான்கு நட்சத்திரம் தரலாம்.

இனி விற்கிற சரக்குக்கு வருவோம். 40 செஷன் பேக்கேஜ், ஒன்றே கால் லட்சம். பணம் திரும்பக் கிடையாது. “அஞ்சு வயசுக்குள்ள பண்ணாத்தான் சார்” என்று கவுன்சலர் மூன்று விதமாகச் சொன்னார்.

சேம்பர் என்றால் இரும்பு உருளை இல்லை. ஜிப் வைத்த, ஊதினால் உப்பும் துணிக் கூடாரம். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து படுத்துக்கொள்ளலாம். வெளியே ஒரு சின்ன கம்ப்ரசர், பக்கத்தில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின். பிழைப்பே கம்ப்ரசர் சர்வீஸ் என்பதால் கண் நேராக அழுத்தம் காட்டும் கேஜுக்குத்தான் போனது. முள் 4 பிஎஸ்ஐயைக் கொஞ்சம் தாண்டி நின்றது. அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து மொத்தம் 1.3 வளிமண்டல அழுத்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெளிக்காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். அதை 1.3 மடங்கு அழுத்தத்தில் சுவாசித்தால், வெளியே 27 சதவீதம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். கான்சென்ட்ரேட்டர் இன்னும் கொஞ்சம் கூட்டும். கடலுக்கடியில் இருந்து வேகமாக மேலே வந்தவர்களுக்கும், ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கும் ஆஸ்பத்திரியில் கொடுப்பது 2 வளிமண்டலத்துக்கு மேல், அதுவும் சுத்த ஆக்சிஜன். பெயர் ஒன்று, சரக்கு வேறு.

இந்த 40 எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, 2009இல் அமெரிக்காவில் 62 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வைக் காட்டினார்கள். அது உண்மையான ஆய்வுதான். முன்னேற்றம் என்றுதான் முடித்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு வந்ததை அவர்கள் காட்டவில்லை. தாய்லாந்தில் 60 குழந்தைகளில் ஒரு பாதிக்கு 1.5 வளிமண்டலத்தில் ஆக்சிஜன், இன்னொரு பாதிக்குக் கொஞ்சம் அழுத்தமும் வெறும் காற்றும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பிரிவுக் குழந்தைகளும் முன்னேறியதாகப் பெற்றோர் சொன்னார்கள், மருத்துவர்களும் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரன் குழு எல்லா ஆய்வுகளையும் சலித்துவிட்டு, ஆட்டிசத்துக்கு இது பலன் தரும் என்பதற்குச் சான்றில்லை என்று எழுதியது. அதற்கு முன்பே, 2013இல், ஆட்டிசத்துக்கு இந்தச் சிகிச்சையை அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பெற்றோர்களை எச்சரித்திருக்கிறது.

வெறும் காற்று கொடுத்த பிள்ளைகளும் ஏன் முன்னேறினார்கள்? பிள்ளை வளர்கிறான், தெரபி போகிறான், நாமும் ‘இன்னிக்குக் கூப்பிட்டதும் திரும்பினானா’ என்று கூர்ந்து பார்க்கிறோம். இந்த சென்டர் இதற்கு மேல் ஒன்று செய்கிறது. சேம்பரோடு சேர்த்தே பால்–கோதுமை நிறுத்தம், நாலு சப்ளிமெண்ட், ஏற்கெனவே போகும் ஸ்பீச் தெரபி, எல்லாவற்றையும் ‘புரோட்டோகால்’ ஆக்கிவிடுகிறார்கள். பட்டறையில் ஒரே நேரத்தில் வால்வு, ஃபில்டர், ஆயில் மூன்றையும் மாற்றிவிட்டு எதனால் சத்தம் நின்றது என்று கேட்டால் எவனும் சொல்ல முடியாது. இங்கே சத்தம் நின்றால் பெருமை சேம்பருக்கு, நிற்காவிட்டால் “டயட்டை ஒழுங்கா ஃபாலோ பண்ணலீங்க.”

டயட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவன் ஒழுங்காகச் சாப்பிடுவது தயிர் சாதம் ஒன்றுதான். அதையும் சில்லென்று இருந்தால், அதே நீலக் கிண்ணத்தில் இருந்தால். தயிரை நிறுத்தச் சொல்லி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். பதிலுக்கு என்ன தருவது என்றதற்கு பாதாம் பால். என் அம்மா அந்தத் தாளை மடித்து அடுப்படி ஜன்னல் ஆடாமல் இருக்கச் செருகிவிட்டார். குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது வேறு விஷயம், டாக்டர் சொல்வார். ஆட்டிசம் குறைவதற்காக என்றால் உறுதியான சான்று கிடையாது. ஏற்கெனவே ரெண்டு மூன்று பொருள் மட்டும் தின்னும் பிள்ளைக்குச் சத்துக் குறைவுதான் மிச்சம்.

பாதியில் நிறுத்தக் காரணம் காது. அழுத்தம் ஏறும்போது விழுங்கினால் காது அடைப்பு விடும். அதற்காக லாலிபாப் கொடுப்பார்கள். இவன் அதைக் கையில் பிடித்துச் சுழற்றுவானே தவிர வாயில் வைக்க மாட்டான். ஒரு நாள் உள்ளே போனதும் இடது காதை உள்ளங்கையால் அடித்துக்கொண்டே இருந்தான். “அது சென்சரி சார்” என்றார்கள். காது வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளையா இவன்? காது டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறை சிவந்திருக்கிறது, அழுத்தம்தான் காரணம் என்றார். தாய்லாந்து ஆய்விலும் லேசான காது பாதிப்பு வந்தது. சென்டர் கொடுத்த ஒப்புதல் படிவத்தில் இது எங்கோ கடைசியில், எறும்பு எழுத்தில்.

இதே கட்டிடத்தின் மேல்மாடியில் ஸ்டெம்செல் (குருத்தணு) சிகிச்சை கன்சல்டேஷனுக்கும் ஆள் பிடிக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. படியேறாதீர்கள்.

மீதி செஷன்களுக்குப் பணம் கேட்டேன். தம்பி பிள்ளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அவனுக்கு ஒன்றுமில்லையே என்றால், “இம்யூனிட்டிக்கு நல்லதுங்க.”

ஊனச் சான்றிதழ் எடுத்தவர்கள் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் சேருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை வரும், அதில் தெரபிச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் ஸ்பீச் தெரபி பில்களை அதில்தான் போடுகிறோம். சேம்பர் பில்லைப் போட வழியில்லை. அதில் ‘வெல்னஸ் சர்வீஸ்’ என்றுதான் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.