முகப்பு மாற்றும் கபோர்ட் குமிழ்கள்: சில வருடப் புழக்கத்துக்குப் பின்

கபோர்ட் கதவுக்கும் டிராயருக்கும் போடும் குமிழ்களில், முகப்பை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளும் வகை ஒன்று இருக்கிறது. அடிப்பாகம் ஸ்க்ரூ போட்டுக் கதவோடு நிற்கும். அதன் தலையில் ஒரு வட்டப் பள்ளம். படம் போட்ட வில்லை, பீங்கான், கண்ணாடி, மரம் என்று நமக்குப் பிடித்தது அந்தப் பள்ளத்தில் உட்காரும். எங்கள் வீட்டில் சமையலறை, படுக்கையறை, பையனின் அறை, அத்தையின் அறை என நான்கு இடங்களில் இவை சில வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கின்றன. முகப்பைப் பிடித்துவைக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் இழுக்கும்போது விரல் எங்கே பிடிக்கிறது என்பதைப் பார்த்து வாங்குங்கள். நிறம், டிசைன் எல்லாம் அப்புறம்.

இந்தக் குமிழிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு விஷயங்கள். மாற்ற நினைத்தால் உடனே கழல வேண்டும். நாள் முழுக்க இழுத்தாலும் கழலக் கூடாது. இதைச் சரியாக யோசித்துச் செய்த குமிழில் அடிப்பாகத்தின் விளிம்பு முகப்பைவிடச் சற்று அகலமாக இருக்கும். விரல் நுனிகள் அந்த விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டும். இழுக்கிற பலம் முழுவதும் உலோக உடம்பில் விழுந்து ஸ்க்ரூவுக்குப் போய்விடும். முகப்புக்கு எந்த வேலையும் இல்லை, அலங்காரமாக உட்கார்ந்திருந்தால் போதும். யோசிக்காமல் செய்த குமிழில் முகப்புதான் அகலமாக வெளியே நீண்டிருக்கும். படத்தில் பார்க்க எடுப்பாக இருக்கும். ஈரக்கையோடு அவசரமாக இழுத்தால் கதவு அங்கேயே நிற்கும், முகப்பு மட்டும் கையோடு வரும். எங்கள் படுக்கையறையில் முதலில் போட்டது இந்த இரண்டாவது வகை. அதை எடுத்துவிட்டு அகல விளிம்புள்ளதை மாட்டிய பிறகு அந்தத் தொல்லை அடியோடு நின்றது. காந்தம் இரண்டிலும் ஒரே அளவுதான்.

காந்த முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் விற்பது அதுதான். முகப்பின் முதுகில் ஒரு சிறிய நியோடிமியம் காந்தம் இருக்கும். குமிழின் உடம்பு பெரும்பாலும் துத்தநாகக் கலவை, பித்தளை அல்லது அலுமினியம். இவை எதிலும் காந்தம் ஒட்டாது. அதனால் பள்ளத்தின் அடியில் ஒரு இரும்புத் தகடு பதித்திருப்பார்கள், இல்லையென்றால் அங்கேயும் ஒரு காந்தம் இருக்கும். நேராக இழுத்தால் இந்தக் காந்தம் நன்றாகவே தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் சுலபமாக வழுக்கிவிடும். ஆகவே தட்டையான தலையில் வெறும் காந்தத்தை நம்பி ஒட்டியிருக்கும் குமிழ்களைத் தவிர்த்துவிடுங்கள். முகப்பு உள்ளே இறங்கி உட்காரும்படி சுற்றிலும் வரப்பு இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வரப்பு இருந்தாலே வழுக்குவது நின்றுவிடும்.

காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி வந்தால் பிடி மளமளவென்று குறையும். முகப்பு லேசாக ஆடிச் சத்தம் போடுகிறது என்று பின்னால் துணி ஒட்டுவது, இரண்டு பக்கம் ஒட்டும் டேப் வைப்பது, உள்ளே பெயின்ட் அடிப்பது எல்லாம் பலருக்கும் தோன்றும் யோசனைகள். அத்தனையும் பிடியைத் தளர்த்தும். ஆட்டத்தை நிறுத்த வேண்டுமானால் பின்பக்கத்தை விட்டுவிட்டு, விளிம்பைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் போடுங்கள். காந்தம் இரும்போடு ஒட்டியே இருக்கும், ஆட்டமும் போய்விடும்.

டிராயரில் நான் கவனித்த ஒரு விஷயம். அடித்து மூடினால் முகப்பு தெறித்து விழும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் விழுவது திறக்கும்போது. வேகமாக இழுத்த டிராயர் கடைசியில் தடுப்பில் மோதிச் சட்டென்று நிற்கிறது. முகப்பு மட்டும் அதே வேகத்தில் நம்மை நோக்கி வரப் பார்க்கிறது. மூடும்போது நடப்பது இதற்கு நேர் எதிர், முகப்பு பள்ளத்துக்குள் இன்னும் அழுந்துகிறது. கனமான பீங்கான் முகப்பை டிராயரில் போட்டால் இது நன்றாகவே தெரியும். அதனால் கனமானவற்றைக் கதவுகளுக்கு வைத்துக்கொண்டேன். டிராயர்களுக்கு அக்ரிலிக், மரம் மாதிரி லேசானவை.

பையனின் அறையில் இருப்பது மரை வளைய முறை. முன்பக்கம் ஒரு உலோக வளையம். அதைத் திருகி எடுத்தால் உள்ளே ஒரு கண்ணாடி வில்லை, அதன் பின்னால் படம். படத்தை மாற்றிவிட்டு வளையத்தைத் திரும்பத் திருகிவிடலாம். எவ்வளவு இழுத்தாலும் கையோடு வராது. இதில் ஒரே ஒரு சிக்கல். வளையத்தைக் கழற்ற இடப்பக்கமாகத் திருக வேண்டும். குமிழை ஸ்க்ரூவிலிருந்து கழற்றுவதும் அதே திசைதான். இரண்டில் எது தளர்வாக இருக்கிறதோ அது முதலில் சுற்றும். பின்னால் இருக்கும் ஸ்க்ரூ சரியாக இறுகாமல் இருந்தால் வளையத்துக்குப் பதில் முழுக் குமிழும் சுற்றிக்கொண்டு வரும். ஒரு கையால் அடிப்பாகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகினால் சரியாகிவிடும். ஆனால் "ஒரு கையாலேயே மாற்றலாம்" என்ற பேச்சு இந்த முறைக்குப் பொருந்தாது.

மூன்றாவது, பிளாஸ்டிக் கொக்கிகள் வைத்து அழுத்திப் பொருத்தும் முறை. இதைச் சமையலறையில் சில கதவுகளுக்கு மட்டும் போட்டோம். கழற்றி மாட்டக் கழற்றி மாட்டக் கொக்கிகள் வளைந்து தளர்ந்தன, சில உடைந்தன. மாற்றுவதற்காகவே வாங்கும் பொருளுக்கு இந்த முறை ஒத்துவராது என்பது என் கருத்து.

ஸ்க்ரூ விஷயம் சாதாரணக் குமிழ்களுக்கும் பொதுவானதுதான், ஆனால் இங்கே அதன் முக்கியத்துவம் கூடுகிறது. ஒற்றை ஸ்க்ரூவில் நிற்கும் குமிழ் நாளாவட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றும். மொட்டை உருண்டைக் குமிழ் சுற்றினால் யாருக்கும் தெரியாது. படம் போட்ட குமிழ் சுற்றினால் படத்தில் இருக்கும் பறவை தலைகீழாகத் தொங்கும். வரிசையாக ஆறு குமிழ்கள் ஆறு கோணத்தில் சாய்ந்து நிற்பதைப் பார்க்கும்போது கண்ணுக்கு அத்தனை உறுத்தல். வட்டக் காந்த முகப்பை விரலால் திருப்பி நேராக்கிவிடலாம். மற்ற முறைகளில் குமிழையே இறுக்கியாக வேண்டும். குமிழின் அடிக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய ரப்பர் வாஷர் போட்டு, ஸ்க்ரூவின் மரையில் நீல நிறத் த்ரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி தடவி இறுக்கினேன். அதன் பிறகு திரும்பவே இல்லை. நீல நிறம்தான் வாங்க வேண்டும். சிவப்பு நிறம் நிரந்தரப் பிடிப்புக்கானது, பிறகு கழற்ற வேண்டுமானால் சூடு காட்ட வேண்டியிருக்கும்.

ஸ்க்ரூவின் நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ. பலகைக் கதவுக்கு 22 முதல் 25 மி.மீ. ஸ்க்ரூ போதும். டிராயரில் பெட்டியின் முன்பலகை ஒன்று, அதன்மேல் அலங்காரப் பலகை ஒன்று என இரண்டு இருக்கும். அங்கே 40 அல்லது 45 மி.மீ. தேவைப்படும். பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் குட்டை ஸ்க்ரூ மட்டுமே. இன்னொன்று, 4 மி.மீ. மெட்ரிக் மரையும், அங்குலத்துக்கு 32 மரை கொண்ட அமெரிக்க அளவும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று போய் அடைத்துக்கொள்ளும். பலம் கொடுத்துத் திருகினால் போவது குமிழின் உள்மரை. கையால் சுலபமாகச் சுற்றவில்லை என்றால் நிறுத்திவிட்டு அளவைச் சரிபாருங்கள்.

சமையலறையில் அழுக்கு எப்படிச் சேர்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் குமிழ் பளபளவென்றுதான் இருக்கும். முகப்பின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் 'டக்' என்று காந்தம் விடும். உள்ளே வரப்பை ஒட்டி, பழுப்பும் கறுப்பும் கலந்த ஒரு பிசுக்கு வளையம். எண்ணெய் ஆவியும் தூசியும் கை ஈரமும் அந்த மயிரிழை இடைவெளியில் இறங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. வெந்நீரில் சோப்புக் கரைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடுகிறது. கழற்ற முடிவதால்தான் அதைத் தேய்க்கவும் முடிகிறது, அதற்காக இந்தக் குமிழை மெச்ச வேண்டும். காந்தத்தை நன்றாகத் துடைத்து உலரவிட்டு மாட்டுங்கள். நியோடிமியம் சீக்கிரம் துருப்பிடிக்கும் பொருள், மேலே இருக்கும் நிக்கல் பூச்சுதான் அதைக் காப்பாற்றுகிறது. பூச்சு உரிந்த காந்தம் ஈரத்தில் பொடிப்பொடியாக உதிர ஆரம்பிக்கும்.

அக்ரிலிக் முகப்பை ஆல்கஹாலோ அம்மோனியாவோ கலந்த கண்ணாடி கிளீனரால் துடைக்காதீர்கள். மேற்பரப்பில் நுண்ணிய விரிசல்கள் விழுந்து மங்கிப்போகும். சோப்புத் தண்ணீரே போதும். எபாக்ஸி ரெசின் ஊற்றிய முகப்புகள் ஜன்னல் பக்கம் இருந்தால் வெயிலில் மஞ்சள் ஏறும். எங்கள் வீட்டில் நிறம் மாறாமல் இருப்பவை கண்ணாடியும் பீங்கானும்தான்.

சொந்தப் படம் போட ஆசை இருந்தால் கண்ணாடி வில்லை முறைதான் சரி. 25, 30 மி.மீ. வட்டக் கண்ணாடி வில்லைகள் கைவினைப் பொருள் விற்கும் இடங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவுகள். குமிழின் பள்ளம் அந்த அளவில் இருந்தால், அந்தக் கம்பெனி முகப்புகள் தயாரிப்பதை நிறுத்தினாலும் நமக்குக் கவலை இல்லை. தனக்கென்று ஒரு விசித்திர அளவு வைத்திருக்கும் பிராண்டை எடுத்தால் உதிரி முகப்புகளை அப்போதே சேர்த்து வாங்கிவிட வேண்டும். படத்தை லேசர் பிரிண்டரில் எடுங்கள். சாதாரண இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் ஊறிப் பரவும். காகிதத்தைக் கண்ணாடியைவிட ஒரு மில்லிமீட்டர் சிறிதாக வெட்டி ஒட்டினால், ஓரம் வழியாகத் தண்ணீர் ஏறாமல் பசை அடைத்துக்கொள்ளும்.

இனி நான் மனதார விரும்பிச் சொல்ல வருவது. அலங்காரத்துக்காக முகப்பை மாற்றும் உற்சாகம் ஆரம்பத்தில் இருந்த அளவுக்கு இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அடையாளத்துக்காக மாற்றுவது மட்டும் கூடிக்கொண்டே போகிறது. பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே தன் டிராயர்களைப் பிரித்துவைக்கக் கற்றுக்கொண்டது இந்த முகப்புகளால்தான். சட்டைப் படம் இருந்தால் சட்டை, கிரேயான் படம் இருந்தால் வரையும் சாமான். உள்ளே இருப்பது மாறினால் முகப்பையும் மாற்றிவிடுவோம், சாமான்களைத் தூக்கி இடம் மாற்றும் வேலை இல்லை. அத்தைக்குப் பார்வை மங்கல். அவர் அறை டிராயர்களில் ஒன்றுக்குச் சொரசொரப்பான மரம், ஒன்றுக்கு வழவழ கண்ணாடி, ஒன்றுக்கு நடுவே மேடு வைத்த பீங்கான். "இப்போ எல்லாம் லைட்டே போட வேண்டாம்டா, தொட்டாலே தெரியுது" என்றார் ஒரு நாள். விலை கொடுத்து வாங்கியதற்கு எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கத்தி, மருந்து, சுத்தம் செய்யும் திரவங்கள் இருக்கும் டிராயருக்கும் கதவுக்கும் அழகான முகப்பு வேண்டாம். படம் இருந்தால் குழந்தை அதைத்தான் முதலில் தேடிப் போகும். அவற்றுக்கு வெறும் மொட்டைக் குமிழ் போட்டு, உள்பூட்டும் வைத்துவிடுங்கள். அடுத்தது, கழலும் முகப்பு சின்னக் குழந்தையின் வாய்க்குப் போகக்கூடிய அளவு. 3 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளின் பாகங்களை 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு உருளையில் போட்டுச் சோதிப்பார்கள். முழுதாக உள்ளே அடங்கிவிட்டால் அது தொண்டையை அடைக்கக்கூடிய பொருள். 30 மி.மீ. முகப்பு அதற்குள் அடங்கிவிடும். காந்தம் பெயர்ந்து வந்தால் ஆபத்து இன்னும் பெரிது. இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளுக்கு இருபுறமும் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டும் சதையைத் துளைத்துவிடும். விழுங்கியிருப்பார்கள் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தவழும் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் காந்த முகப்பைப் போடாதீர்கள். அங்கே மரை வளைய முறையை இறுக்கிப் போடலாம், அல்லது சாதாரணக் குமிழே இருக்கட்டும்.

தயாரிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் மூன்று வேண்டுகோள். பாக்கெட்டில் இரண்டு நீள ஸ்க்ரூக்களையும் ரப்பர் வாஷரையும் சேர்த்து வையுங்கள். வரப்பில் நகம் நுழைய ஒரு சிறு வெட்டு கொடுங்கள், அதுவும் அடிப்பக்கமாக, கண்ணில் படாமல். படம் எதுவும் இல்லாத வெற்று முகப்புகளைத் தனியாக விற்றுவிடுங்கள். அது கிடைத்தால் புத்தக அலமாரியின் கீழ்க் கதவுகளுக்கும் இதையே போடுவதாக இருக்கிறேன்.